உட்பிரிவு

அரசலாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
நாற்பது தப்படியில் தலைமதகு.
திருகுக்கம்பி துருவேறி நிற்கிறது.
பலகையை எவரோ அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
இங்கிருந்து அளக்கத் தொடங்கினோம்,
நானும் உத்திராபதியும்.
சங்கிலி ஆள் என்றுதான் இன்னும்
சம்பளப் பட்டியலில் அவர் பெயர்; பிடிப்பது டேப்.
கோர்ட்டு கொடுத்த ஆறு வாரத்தில்
இது ஐந்தாவது.

பொன்னாச்சி வாய்க்கால் என்கிறது பதிவேடு.
யார் பொன்னாச்சி என்று எழுதவில்லை.
வெட்டக் காசு கொடுத்தவள் என்றார் எண்ணெய்க்கடைக்காரர்.
இதில் விழுந்து செத்தவள் என்றாள் பூக்கட்டும் தைனேஸ்.
இரண்டும் ஒருத்தியாகவே இருக்கலாம்.
பதிவேட்டுக்குத் தெரிந்ததெல்லாம்
அகலம்: இருபத்தேழு லிங்க்ஸ்.
வகை: நீர்வழிப் புறம்போக்கு.
குறிப்பு: ஒன்றுமில்லை.

துணிவரைபடத்தில் அது நீலக்கோடு.
மடித்து மடித்து, மடிப்பில் மை உதிர்ந்து
மூன்று இடங்களில் வற்றியிருந்தது.
தரையில் வற்றிய இடங்கள் வேறு.

முதல் முந்நூறு மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறது.
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு,
மண்டபத்துப் பந்தி இலைகள்.
அடுத்து சாயப்பட்டறை வாசல்:
திங்களன்று அரக்கு, புதனன்று மாம்பழ மஞ்சள்.
பட்டு விற்கும் மாதம் எதுவென்று
தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்.

பள்ளிவாசல் தெருமுனையில்
தரைக்கடியில் போய்விடுகிறது.
மேலே தையலகம், செல்போன் கடை, மாவு மில்,
பணம் இல்லாத ஒரு ஏடிஎம்.
உத்திராபதி மண்டியிட்டு
சிமெண்டுப் பலகையில் காதை வைத்தார்.
"ஓடுதும்மா" என்றார்,
நாடி பார்த்துச் சொல்கிறவர் மாதிரி.

ஹாஜா மைதீன் கழுத்தில் டேப்போடு வந்து
என் டேப்பைப் பார்த்தார்.
"நானும் அளக்குறவன்தான் மேடம்.
உடம்பு பெருத்தா தையலைப் பிரிச்சு விடணும்.
ஊரு பெருத்ததுக்கு
நீங்க வாய்க்காலைப் புடிச்சுத் தச்சிருக்கீங்க."
தன் கடையும் அதன்மேல்தான் என்று
அவரே சொல்லி
சிவப்பு அம்புக்குறி போட இடம் விட்டு
ஸ்டூலை நகர்த்தினார்.

மாட்டாஸ்பத்திரி தாண்டியதும்
புல எண் முன்னூற்றுப் பதினெட்டு.
வரைபடத்தில் ஒன்றாய் இருந்தது,
இரண்டு, இரண்டு-ஏ, இரண்டு-பி என்று பிரிந்திருந்தது.
மனை. பட்டா உண்டு. மாடி வீடு.
உட்பிரிவு செய்தவர் கையெழுத்தில்
கீழே நீண்டு வளையும் ழகரத்தின் வால்
என்னுடையது.

பதினொரு வருஷம்.
வேலையில் சேர்ந்த முதல் ஆடி.
பெருக்கன்று படித்துறையில் குழாய் போட்டு
ஊருக்குத் தண்ணீர் விட்ட வருஷம்.
"இது வாய்க்காலாம்மா?" என்றார் தாசில்தார்.
குனிந்து பார்த்தேன். நெருஞ்சி. கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்று.
"இல்ல சார்."
காசு வாங்கவில்லை.
அதை யாரிடமாவது சொல்லலாம் என்றால்
வாய் வரவில்லை.

உத்திராபதி டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார்.
அன்றும் மறுமுனை அவரிடம்தான் இருந்தது.

பைபாஸுக்கு அப்பால் அது வெளியே வருகிறது,
மூன்றடிக் குழாய்க்குள்ளிருந்து, கறுப்பாக.
கடைமடையில் மங்கையர்க்கரசி
எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.
"குறுவைக்குக் கேட்டா வராது.
ஐப்பசில கேக்காம வந்து நெல்லுமேல படுக்கும்.
இதுல எதைம்மா அளந்துட்டுப் போவீங்க?"
சொல்லிவிட்டுக் குடிக்க மோர் கொடுத்தார்.
குடித்தோம்.

அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது.
பத்து மணிக்கு மாடி வீட்டுக்காரர் போன்:
கட்டிலடியில் தண்ணீராம், எங்கிருந்து என்று தெரியவில்லையாம்.
தெரியும் என்று சொல்லவில்லை.
அறிக்கையை எடுத்து வைத்து
குறிப்பு என்ற கட்டத்தில்
இன்ன ஆண்டு, இன்ன எண், அளந்தது நானே என்று
பெயரை முழுதாக எழுதினேன்.
இடம் பத்தாமல்
ழகரத்தின் வால்
கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் இறங்கியது.

விடியலில் உத்திராபதி கூப்பிட்டார்.
"மதகுகிட்ட முழங்கால் தண்ணிம்மா.
செருப்பு வேணாம்."